கற்றல் குறைபாடுள்ள கல்லூரி மாணவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்லூரிப் பேராசிரியர்கள், பிளேஸ்மென்ட் அலுவலர்கள், சிறப்புக் கல்வியாளர்கள், பெற்றோர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. மாணவர்கள் தாங்களே படித்துப் பின்பற்றவும் இது உதவும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு, டிஸ்கிராஃபியா என்னும் எழுத்துக் குறைபாடு, டிஸ்கால்குலியா என்னும் கணக்குக் குறைபாடு ஆகிய மூன்றையே கற்றல் குறைபாடு என்று இங்கே குறிப்பிடுகிறோம். இது அறிவுத்திறன் குறைபாடு அன்று. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கூறுகிறது. ஆகவே எந்தக் கல்லூரியிலும் ஒரு வகுப்பறையில் இப்படிப்பட்ட மாணவர் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. கண்டறியப்படாமலே பட்டம் பெற்று வெளியேறுகிறவர்களும் அவர்களில் அடக்கம்.

இம்மாணவர்கள் வேலைக்குள் நுழையும்போது தடுமாறுவதற்குத் திறமைக் குறைவு முதற்காரணம் அன்று. பள்ளியில் அவர்களுக்கு வேண்டியதைப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்டு வாங்கித் தந்தார்கள். கல்லூரியில் விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. அலுவலகத்திலோ அவர்களுக்காகக் கேட்பதற்கு எவரும் இல்லை. தன் சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கிற மேலாளரிடம், தனக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கும் பொறுப்பைப் பெரியவர்களிடமிருந்து மாணவரின் கைக்கு மாற்றித் தருவதே கீழே வரும் படிகள் அனைத்தின் நோக்கம். இதைக் கடைசிப் பருவத்தில் தொடங்கினால் நேரம் போதாது.

முதற்படி: குறைபாட்டைப் பணிகளின் பெயரால் எழுதிக்கொள்ளுதல்

முதலாண்டிலேயே மாணவர் தன்னைப் பற்றி ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எந்தப் பணி தன்னைத் தாமதப்படுத்துகிறது, அந்தப் பணியின் எந்த இடத்தில் தடை வருகிறது, எதைச் செய்தால் அந்தத் தடை நீங்குகிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மருத்துவப் பெயர் ஒரு வரியில் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. "எனக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பது கடினம்" என்று எழுதினால் படிப்பவருக்கு அதிலிருந்து எதையும் செய்யத் தோன்றாது. "பத்துப் பக்க அறிக்கையை முந்தைய நாளே அனுப்பிவிட்டால், கணினியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குத் தயாராக வருவேன், கூட்டத்தில் கையில் கொடுத்து உடனே கருத்துக் கேட்டால் பாதியைத் தவறவிடுவேன்" என்று எழுதினால், மேலாளர் மறுநாளிலிருந்தே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது.

இந்தத் தாளை எழுதச் சொல்லி மாணவரைத் தனியே விட்டுவிட்டால் வெற்றுத்தாள்தான் திரும்பி வரும். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பட்டங்களைச் சுமந்து வந்தவர்களால், தங்கள் தடையைத் தனியே பிரித்துப் பார்க்க எளிதில் இயலாது. உனக்கு என்ன கஷ்டம் என்று பொதுப்படக் கேட்பதாலும் பயனில்லை. கடந்த பருவத்தில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, எந்த ஒப்படைப்பைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டாய், எந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமலே விட்டாய், ஆய்வகத்தில் எந்த அளவீட்டைப் பக்கத்தில் இருந்தவரை எழுதச் சொன்னாய் என்று கேட்க வேண்டும். தள்ளிப்போட்ட இடங்களே பெரும்பாலும் தடை இருக்கும் இடங்கள்.

வாசிப்பும் எழுத்தும் தவிர, வெளியில் தெரியாத சில தடைகளையும் தேடிப் பார்க்க வேண்டும். வாய்மொழியாக அடுக்கடுக்காகச் சொல்லப்படும் கட்டளைகளில் முதலிரண்டு மட்டும் நினைவில் நிற்பது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க முடியாமல் போவது, எண்களை இடம் மாற்றி எழுதுவது, கவனித்துக்கொண்டே குறிப்பெடுக்க இயலாமை ஆகியவை அலுவலகத்தில் பெருந்தொல்லை தருபவை. கவனச்சிதறல் குறைபாடான ஏ.டி.எச்.டி. கற்றல் குறைபாட்டுடன் அடிக்கடி சேர்ந்தே வருவதால், அதற்கான மதிப்பீடு நடந்திருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ஆவணங்கள்

எட்டு வயதில் எடுத்த மதிப்பீட்டு அறிக்கை மட்டும் கையில் இருந்தால், வயதுவந்தோருக்கான அளவுகோலில் புதிய மதிப்பீடு ஒன்றைக் கல்லூரிக் காலத்திலேயே பெற்றுவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் கல்லூரியின் ஆலோசனை மையமும் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவும் தரும் உதவிகள் நின்றுவிடும். தேர்வில் எந்தெந்த வசதிகள் வழங்கப்பட்டன என்பதற்குக் கல்லூரியிடம் எழுத்து வடிவில் சான்று பெற்றுக்கொள்ள வேண்டும். போட்டித் தேர்வுகளிலும் தொழில்முறை உரிமத் தேர்வுகளிலும் முன்பு பெற்ற வசதிக்குச் சான்று கேட்பது வழக்கம்.

மூன்றாம் படி: கூடுதல் நேரத்துக்கு மாற்று தேடுதல்

கல்லூரிகள் மிகுதியாக வழங்கும் வசதி தேர்வில் கூடுதல் நேரம். அலுவலகத்துக்குக் கொண்டுபோக முடியாத வசதியும் அதுவே. மதியம் மூன்று மணிக்கு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய அறிக்கை நாலரைக்குப் போனால், அந்தத் தாமதத்தை எந்தச் சான்றிதழும் ஈடுகட்டாது. கூடுதல் நேரம் வழங்குவதை நிறுத்த வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தேர்வுக்கு அது வேண்டியதே. ஆனால் அந்த நேரத்தில் மாணவர் எதைச் செய்கிறார் என்று கவனித்து, அதே செயலை வேறொரு முறையால் சுருக்க முடியுமா என்று கல்லூரிக் காலத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே பத்தியை மூன்று முறை வாசிக்கவே கூடுதல் நேரம் செலவாகிறது என்றால், உரையைக் குரலாக மாற்றும் வசதி அதை ஈடுசெய்யும். எழுத்துப்பிழை திருத்தவே செலவாகிறது என்றால், பேசித் தட்டச்சு செய்வதும் திருத்தும் மென்பொருளும் உதவும். சிந்தனைகளை வரிசைப்படுத்தவே செலவாகிறது என்றால், எந்த மென்பொருளையும்விட நிலையான வார்ப்பு (டெம்ப்ளேட்) ஒன்று பயன்படும். அறிக்கைக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கூட்டக் குறிப்புக்கு ஒன்று என்று ஆயத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டில் உரையை உரக்க வாசிக்கும் வசதியும், வரிகளைப் பிரித்துக் காட்டும் இம்மர்சிவ் ரீடரும் உள்ளன. கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சு உண்டு, அது தமிழிலும் இயங்கும். தட்டெழுத்துப் பயிற்சியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கையெழுத்தில் திணறுகிற டிஸ்கிராஃபியா மாணவர்கள் பலர் விசைப்பலகையில் தங்கள் வேகத்தை மீட்டெடுக்கிறார்கள். ஆவணங்களின் அமைப்பைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் பரிந்துரை எளிமையானது: 12 முதல் 14 புள்ளி அளவுள்ள தெளிவான எழுத்துரு, ஒன்றரை வரி இடைவெளி, இடப்பக்கம் மட்டும் சீராக்கிய பத்திகள். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாக விற்கப்படும் எழுத்துருக்கள் வாசிப்பை மேம்படுத்துவதற்கு வலுவான சான்று இதுவரை இல்லை. மாணவருக்குப் பிடித்திருந்தால் பயன்படுத்தட்டும், அவற்றுக்காகப் பணம் செலவிடத் தேவையில்லை.

எந்தக் கருவியானாலும் குறைந்தது ஒரு பருவம் முழுவதும் அன்றாடம் பயன்படுத்திப் பழகிய பிறகே அது மாணவருக்குச் சொந்தமாகும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் புதிய பணியையும் புதிய மென்பொருளையும் ஒருசேரக் கற்க முயன்றால் இரண்டும் கெடும்.

நான்காம் படி: பணியைப் பிரித்துப் பார்த்து வேலையைத் தேர்தல்

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குப் படைப்பாற்றல் இயல்பிலேயே மிகுதி, ஆகவே வடிவமைப்பு அல்லது சுயதொழில் பக்கம் அனுப்பலாம் என்ற ஆலோசனை பரவலாகக் கேட்கிறது. புகழ்பெற்ற சிலரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டி எல்லோருக்கும் பொருத்தும் இந்தப் பழக்கத்தை வழிகாட்டுகிறவர்கள் கைவிடுவது நல்லது. கணக்கியலில் ஆர்வமுள்ள டிஸ்லெக்சியா மாணவரும் இருக்கிறார், வரைகலை சற்றும் பிடிக்காத டிஸ்லெக்சியா மாணவரும் இருக்கிறார். ஆர்வத்தையும் திறனையும் முதலில் பார்க்க வேண்டும். தடைகளைக் கணக்கில் எடுப்பது அதன் பிறகுதான்.

பதவியின் பெயரை வைத்துப் பொருத்தம் பார்க்கக் கூடாது. நூலகர் என்றதும் வாசிப்பு மிகுந்த வேலை என்றும், விற்பனையாளர் என்றதும் பேச்சு மிகுந்த வேலை என்றும் தோன்றும். உண்மையில் விற்பனையாளர் ஒவ்வொரு மாலையும் நீண்ட அறிக்கை எழுத வேண்டியிருக்கலாம். அந்தப் பணியில் இருக்கிற ஒருவரைச் சந்தித்து, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வாசிக்கிறார், எழுதுவது யார் பார்வைக்குப் போகிறது, பிழை நேர்ந்தால் விளைவு என்ன, வேலை எழுத்தில் ஒப்படைக்கப்படுகிறதா, வாய்மொழியாகவா, இடையூறுகள் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதை முதற்படியில் தயாரித்த தாளுக்குப் பக்கத்தில் வைத்தால் பொருத்தம் புலப்படும். தடை வரும் இடம் பணியின் ஓரத்தில் இருந்தால் வசதி ஏற்பாடு செய்துகொள்ளலாம். பணியின் மையமே அதுவாக இருந்தால் மாணவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், முடிவு அவருடையது.

ஐந்தாம் படி: படிக்கும்போதே வேலை அனுபவம்

இன்டர்ன்ஷிப்பைச் சான்றிதழுக்கான சடங்காக நடத்தினால் மற்ற மாணவர்களுக்கு இழப்பு சிறிது, இவர்களுக்குப் பெரிது. தங்கள் தாளில் எழுதியிருப்பது சரிதானா என்று சோதித்துப் பார்க்க இவர்களுக்கு வேறு களம் இல்லை. ஓர் எடுத்துக்காட்டு: கணக்குப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த டிஸ்கால்குலியா மாணவி ஒருவர், விலைப்பட்டியல் எண்களைத் தாளிலிருந்து கணினியில் ஏற்றும்போது இலக்கங்களை இடம் மாற்றிவிடுகிறார். இன்னும் கவனமாக இரு என்று சொல்வதால் பிழை குறையாது. எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து ஏற்றுவது, ஏற்றி முடித்ததும் கணினியை அதை வாசிக்கச் சொல்லித் தாளோடு ஒப்பிடுவது, மின்வடிவில் இருக்கும் எண்ணை ஒருபோதும் திரும்பத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுவது என்ற மூன்று பழக்கங்களை அவர் ஏற்படுத்திக்கொண்டால், எது எவ்வளவு உதவுகிறது என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். முதல் வேலைக்குச் செல்லும்போது அந்த அறிவு அவர் கையில் இருக்கும்.

பயிற்சி நடக்கும்போது கல்லூரியிலிருந்து ஒருவர் வாரம் ஒரு முறை மாணவரோடு அரை மணி நேரமாவது பேச வேண்டும். எங்கே சிக்கியது, யாரிடம் கேட்டாய், என்ன பதில் கிடைத்தது என்ற மூன்று கேள்விகள் போதும். நிறுவனத்தை அழைத்து மாணவருக்காகப் பேசும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக்கோ கண்ணியத்துக்கோ பங்கம் வரும் நிலையில் தலையிடலாம். மற்ற நேரங்களில் மாணவரே கேட்கட்டும், கேட்டு மறுக்கப்படுவதும் பயிற்சியின் பகுதியே.

ஆறாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை இருந்தால் பல நிறுவனங்கள் அங்கேயே நிறுத்திவிடும். மென்பொருள் ஒருமுறை, மனிதர் ஒருவர் ஒருமுறை என இருமுறை சரிபார்க்காத ரெஸ்யூமே வெளியே போகக் கூடாது. இணையவழித் திறனறித் தேர்வு பெரும்பாலும் நேரக்கட்டுப்பாடு உடையது. கூடுதல் நேரம் கேட்பதானால், அழைப்பு வந்த உடனேயே, தேர்வுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு சொல்லும் காரணம் எடுபடாது.

நேர்காணலில் இவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. "நீங்கள் செய்த புராஜெக்ட் எது, அதில் உங்கள் பங்கு என்ன, மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார் நேர்காணல் அலுவலர். மாணவர் கடைசிப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். அலுவலருக்கு அது கவனமின்மையாகத் தெரிகிறது. மாதிரி நேர்காணலில் வேண்டுமென்றே இப்படிப்பட்ட கூட்டுக் கேள்விகளைக் கேட்டு, சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல் எழுதிக்கொள்ளவும், தயங்காமல் "மன்னிக்கவும், கேள்வியின் இரண்டாவது பகுதியை இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்கவும் பழக்க வேண்டும். சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் நான்கைந்து அனுபவங்களை முன்கூட்டியே பேசிப் பழகியிருந்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றிலிருந்தே பதில் எடுக்கலாம். மனப்பாடம் செய்யச் சொல்லக் கூடாது. ஒரு சொல் மறந்தால் முழுப் பதிலும் சரிந்துவிடும்.

ஏழாம் படி: சொல்வதா, எப்போது சொல்வது

குறைபாட்டை நிறுவனத்திடம் தெரிவிப்பதா என்ற முடிவு மாணவருடையது. பெற்றோரோ கல்லூரியோ அவர் அனுமதியின்றிச் சொல்லக் கூடாது. சட்டம் எங்கே துணை நிற்கிறது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்வதே நம் கடமை. ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, பணியிடத்தில் நியாயமான வசதிகளைச் செய்து தருவதை உறுதிப்படுத்துமாறு உறுப்பு நாடுகளைக் கோருகிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், வேலை தர முன்வருவதற்கு முன்பு குறைபாடு உண்டா என்று கேட்கக் கூடாது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்திலும் சில விலக்குகளோடு இதையொத்த தடை உள்ளது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டை அச்சட்டம் அளிக்கிறது. அதில் ஒரு விழுக்காட்டைக் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவர் தொடக்கத்திலேயே சான்றிதழைக் காட்டியாக வேண்டும், அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மற்ற வேலைகளில் நான்கு தருணங்கள் உள்ளன: விண்ணப்பம், நேர்காணல், பணி ஆணை கிடைத்த பின், வேலையில் சேர்ந்த பின். தேர்வுக்கு வசதி தேவைப்படாதவருக்கு மூன்றாவதே பெரும்பாலும் ஏற்றது. தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டதால் அச்சம் குறைவு, வேலை தொடங்கும் முன் ஏற்பாடு செய்ய நேரமும் இருக்கிறது. மிக மோசமான தருணம், பிழைகள் குவிந்து எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு சொல்வது. அப்போது உண்மையும் சாக்குப்போக்காகவே கேட்கும். சொல்லும்போது இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும்: "எனக்கு வாசிப்புக் குறைபாடு உண்டு. வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளைக் கூட்டம் முடிந்ததும் நானே மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் சரிபார்த்து ஒரு வரி பதில் தந்தால் போதும். பயிற்சியின்போது இதே முறையில்தான் வேலை செய்தேன்." சிறுவயதுக் கதையும் மருத்துவ விவரமும் இதில் வேண்டியதில்லை. சொல்ல விரும்பாதவர், குறைபாட்டின் பெயரை எடுக்காமல் தன் வேலைமுறை என்ற அளவில் இதே கோரிக்கையை வைக்கலாம். ஆனால் சட்டத்தின் பாதுகாப்பை நாடுவதானால் தெரிவித்ததற்கு எழுத்துச் சான்று தேவைப்படும்.

எட்டாம் படி: நிறுவனத்தோடு பேசுதல்

செலவாகும் என்ற அச்சமே நிறுவனங்களின் முதல் தயக்கம். பணியிட வசதிகள் குறித்து ஆலோசனை வழங்கி அமெரிக்காவில் 1983 முதல் இயங்கிவரும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் நடத்திவரும் கணக்கெடுப்புகளில், செய்து தரப்பட்ட வசதிகளில் ஏறத்தாழப் பாதிக்குச் செலவே ஆகவில்லை என்று நிறுவனங்கள் தெரிவித்துள்ளன. கற்றல் குறைபாட்டைப் பொறுத்தவரை கோரிக்கைகள் பெரும்பாலும் பழக்க மாற்றங்களே: கட்டளையை எழுத்தில் தருதல், ஆவணத்தை முன்கூட்டியே அனுப்புதல், இரைச்சல் குறைந்த இருக்கை, நிறைவேற்றிய மாதிரி ஒன்றைக் காட்டுதல். பிளேஸ்மென்ட் அலுவலர் நிறுவனத்திடம் இரக்கத்தைக் கோரும் தொனியில் பேசினால், அந்த மாணவர் ஓராண்டுக்குப் பின்னும் கருணையால் வந்தவராகவே பார்க்கப்படுவார். வேலையைச் செய்ய வல்லவர், இன்ன முறையில் செய்வார் என்று பேசுவதே சரி.

ஒன்பதாம் படி: வேலையில் முதல் ஆறு மாதங்கள்

வேலை கிடைத்ததும் கோப்பை மூடிவிடும் கல்லூரிகளே மிகுதி. இடறல்கள் தொடங்குவதோ அதன் பிறகுதான். முதல் இரண்டு வாரங்களில் நிறுவனத்தின் படிவங்கள், சுருக்கக் குறியீடுகள், அடிக்கடி வரும் பெயர்கள் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாகத் தொகுத்துக்கொள்வது மாணவரின் முதல் வேலை. அறிமுகமில்லாத சொற்களே வாசிப்பை மிகுதியாகத் தாமதப்படுத்துகின்றன. திரும்பத் திரும்ப வரும் ஒவ்வொரு பணிக்கும் படிவரிசை எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டம் வரும் வரை காத்திராமல், முதல் மாத முடிவிலேயே மேலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, எது சரியாகப் போகிறது, எது தாமதமாகிறது என்று தானே எடுத்துச் சொல்வது நல்லது. கல்லூரியின் மென்டாரோ பழைய மாணவர் ஒருவரோ இந்தக் காலத்தில் மாதம் ஒரு முறை தொடர்பில் இருந்தால், அலுவலகத்தில் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவரிடம் கேட்கலாம்.

குடும்பத்தினர் இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய உதவி, மாலையில் அலுவலக மின்னஞ்சல்களைத் தாங்களே திருத்தித் தருவதை நிறுத்துவது. நிறுவனத்தின் ஆவணங்கள் வெளியாருக்குப் போவது விதிமீறல், மேலும் அந்த உதவி இருக்கும் வரை மாணவர் வேறு முறையைத் தேடமாட்டார்.

ஆறு மாதம் முடிந்ததும் முதலாண்டில் எழுதிய ஒரு பக்கத் தாளை எடுத்துப் புதிதாக எழுத வேண்டும். சில தடைகள் நீங்கியிருக்கும், சில வசதிகள் பயன்படாமல் போயிருக்கும். பதவி உயர்வோ துறை மாற்றமோ வரும்போதும் இதையே செய்ய வேண்டும். களத்தில் நன்றாகப் பணியாற்றியவர் மேற்பார்வையாளரானதும் பிறருடைய அறிக்கைகளை வாசித்துத் திருத்தும் பொறுப்பு அவர்மேல் விழுகிறது. அந்த வாசிப்புச் சுமைக்கான ஏற்பாட்டைப் புதிய பொறுப்பை ஏற்கும் முன்பே மேலாளரிடம் பேசி எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.